மூன்று தரம் கழுவிய விதை

2025 பெப்ரவரி 8, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழும்பினேன். சுபஹுத் தொழுகை முடிந்ததும் கிணற்றுக்கட்டில் வைத்திருக்கும் மழை டின்னைப் பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை. பழைய பால்மா டின்னின் உட்பக்கத்தில் அளவு பார்க்க அடிமட்டம் ஒன்றை ஒட்டி நானே செய்துகொண்டது அது. ஐந்தே முக்காலுக்கு இஞ்சித் தேநீர். ஆறரைக்கு மச்சான் இரவல் வாங்கிய கை டிரக்டரோடு வந்து, எங்கள் இரண்டு வீடுகளுக்கும் பின்னால் இருக்கும் குதிரைமசால் என்னும் மாட்டுத்தீனிப் பாத்திகளைப் புரட்டத் தொடங்கினார். மூன்று வருடமாக நின்ற செடி. வேர்கள் விரல் தடிப்புக்கு இறங்கியிருந்ததால் டிரக்டர் நான்கு தரம் மூச்சடைத்து நின்றது. பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. பகல் சாப்பாடு மாங்காய்க் கறியும் நெத்தலிப் பொரியலும். இரண்டு மணிக்கு மச்சானின் ஃபோனுக்கு றத்தோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினார். இரண்டு மாடு வைத்திருப்பவர். எங்கள் நிலத்து மண்ணில் இரண்டு சாக்கு வேண்டும், காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன் என்றார்.

"சாக்கு வாய் கட்ட ஏதாவது தேடுங்க மச்சான். உங்க அலுமாரியிலதான் எல்லாத்துக்கும் ஒரு இடம் இரிக்குமே" என்று மச்சான் சொல்லிவிட்டுப் போனார். அவர் கேலியாகச் சொன்னாலும் அது உண்மைதான். மூன்றாவது லாச்சியைத் திறந்தேன். மடித்து வைத்த சணல் கயிற்றுக்கு அடியில் அந்தத் துணி இருந்தது. ஒரு முழ வெள்ளைப் பருத்தித் துணி. நடுவில் ஒரு தட்டு அகலத்துக்கு இளஞ்சிவப்புக் கறை. என் மனைவி அதைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்து, வெந்நீரில் அவித்து, வெயிலில் காயப்போட்டும் போகாத கறை. கட்டிலில் உட்கார்ந்து அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். மச்சானைப் பற்றி எழுத வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்திருந்தது அப்போது திரும்பவும் நினைவுக்கு வந்தது. 2022ஆம் ஆண்டு நாட்குறிப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

மச்சான் என் தங்கச்சியின் கணவர். அவளுக்கு நான் நானா, அதாவது அண்ணன், மச்சானுக்கு நானும் மச்சான். என்னைவிட ஏழு வயது இளையவர். பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் ஒரு பெரிய பால் பண்ணையில் புல் வெட்டும் இயந்திரம் ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். அவர் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை அது. நடக்கும்போது பார்வை எப்போதும் தூரத்திலேயே இருக்கும், காலடியில் இருக்கும் செருப்பு மட்டும் கண்ணில் படாது. நான் சாரத்தைக்கூட ஸ்திரி போட்டு உடுத்துகிறவன், பாடசாலை அலுவலகத்தில் லிகிதர். அவருடைய பொருட்கள் எங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரிந்ததைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும். இருந்தும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. அவர் பேசுவார், நான் குறித்துக்கொள்வேன்.

2021 கடைசியில் அவர் வந்தபோது மூன்று மாடுகளை வாங்கினார். மாடுகளோடு அரபியில்தான் பேசுவார். "யல்லா, யல்லா" என்றால் அந்தச் செவலை மாடு திரும்பிப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடும். அதே மாட்டிடம் நான் தமிழில் எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் அசையாது. ஆனால் மாடுகளுக்குப் போடத் தீனி இல்லை. தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்த அரை ஏக்கரும் அப்போது செத்த மாதிரிதான் கிடந்தது. மரக்கறி போடுகிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தோம். அவர்கள் போகத்துக்குப் போகம் மூட்டை மூட்டையாக உரத்தைக் கொட்டி, மிளகாயும் போஞ்சியும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வருடம் அரசாங்கம் உர இறக்குமதியை நிறுத்தியதால் நாட்டில் உரமே இல்லாமல் போனது. அவர்களும் நிலத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மண்வெட்டியைப் போட்டால் பிஸ்கட் உடைகிற சத்தம் வரும். ஒரு மண்புழுவைக்கூடக் காணமுடியாது.

அந்த நிலத்தின் நடுவில் நின்றுதான் மச்சான் தன் திட்டத்தைச் சொன்னார். பாலைவனத்தில் அவர்கள் பண்ணையில் ஒரு செடி வளர்த்தார்களாம். மாட்டுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை, மண்ணுக்கும் அதைவிட நல்ல மருந்து இல்லை. ஒரு தடவை விதைத்தால் மூன்று நாலு வருடம் நிற்கும், மாதத்துக்கு ஒரு தடவை வெட்டலாம், வேர் ஆளுயரத்துக்குக் கீழே போகும். "மணலையே மண்ணாக்கின செடி மச்சான் அது. இந்த மண்ணை விடுமா?" என்றார். அரபிகள் அதை பர்சீம் என்பார்கள் என்றார். மாத்தளைக் கால்நடை வைத்தியர், நாங்கள் டொக்டர் மிஸ் என்று அழைக்கும் கண்டிப் பக்கத்துப் பெண், அதை அல்பல்பா என்றார். பண்ணையில் மச்சானோடு வேலை செய்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் குதிரைமசால் என்பாராம். நான் நாட்குறிப்பில் குதிரைமசால் என்றே எழுதிக்கொண்டேன். மூன்றிலும் தமிழில் எழுத வந்தது அது ஒன்றுதான்.

ஆனால் மச்சானுக்கு அது வெறும் செடியாக இருக்கவில்லை. பழைய பண்ணை அவரைத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. நோன்புப் பெருநாள் கழிந்த பத்தாம் நாள் பயணம் என்று பேச்சு. டவுனில் ஏஜன்சிக்காரரிடம் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டார். அந்த வாரம் முழுக்கத் தங்கச்சி சமைத்த கறியில் உப்புக் கூடியிருந்தது. கடைசியில் மச்சானே ஒரு வாக்குக் கொடுத்தார். குதிரைமசாலின் முதல் வெட்டு சரியாக வந்தால் அவர் போகமாட்டார். மாடுகளையும் நிலத்தையும் வைத்துக்கொண்டு ஊரோடு இருப்பார். வராவிட்டால் மாடுகளை விற்றுவிட்டுப் போவார். பன்னிரண்டு வருடத்தில் தங்கச்சி அவரோடு சேர்ந்திருந்த மாதங்களை நான் ஒரு தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கை நான் அவளிடம் சொன்னதில்லை. அவளுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

விதையை டொக்டர் மிஸ்தான் எடுத்துத் தந்தார். பரீட்சித்துப் பார்க்க விருப்பமுள்ள சிலருக்கென்று வந்ததில் இரண்டு கிலோ. அதைக் கொண்டு அரை ஏக்கரில் பாதியில் விதைப்பது என்று முடிவு செய்தோம். மண்ணின் புளிப்புக் குறைய டொலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டோம். எங்கள் மாத்தளையில் தோண்டி எடுப்பதுதானே, அந்த வருடத்தில் தட்டுப்பாடில்லாமல் கிடைத்த ஒரே மூட்டை அதுதான். மழைத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்று மச்சான் பாத்திகளை ஒரு சாண் உயரத்துக்கு எழுப்பினார். பெப்ரவரி 4 வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போகும் அவசரத்தில் விதைப் பையை என் கையில் கொடுத்தார். "நாளைக்குக் காலையில விதைக்கணும் மச்சான். சின்ன விதை, அப்படியே எறிஞ்சா ஒரு இடத்திலேயே விழும். நீங்க மணலைச் சலிச்சுக் கலந்து வைங்க. நீங்க செஞ்சா சரியா இரிக்கும்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. ஜும்ஆ முடிந்து வந்து பையைப் பிரித்தேன். கடுகிலும் சிறிய விதை. ஒவ்வொன்றின் மேலும் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பூச்சு. கையில் எடுத்தால் விரலெல்லாம் ஒட்டியது. நான் அறிந்த அளவில், வெளிநாட்டுச் சோள விதையிலும் மரக்கறி விதையிலும் அப்படி நிறம் பூசியிருந்தால் அது நஞ்சு. விதைப் பக்கெட்டில் மண்டையோட்டுப் படமும் போட்டிருக்கும். இந்தப் பையில் படம் எதுவும் இல்லை. இல்லாததால் எனக்குச் சந்தேகம் கூடியது. மாடு தின்னப் போகிற செடி. அந்தப் பாலைத்தான் தங்கச்சி மகள் குடிக்கப் போகிறாள். கிணற்றடியில் பேசினை வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். அசுத்தம் எதுவானாலும் மூன்று தரம் கழுவுவது எங்கள் வீட்டுப் பழக்கம். விதையையும் அப்படியே மூன்று தரம் கழுவினேன். முதல் தண்ணீர் றோஸ் சர்பத் மாதிரி இருந்தது. மூன்றாவது தண்ணீர் தெளிவாக வந்தது. வெள்ளைத் துணியில் வடித்து, நிழலில் பத்திரிகைத் தாளின் மேல் காயவைத்து, சலித்த மணலோடு கலந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சின்ன வேலை, அதைச் சொல்லிக்காட்டுவது அழகல்ல என்று நினைத்தேன். நாட்குறிப்பில் மட்டும் ஒரு வரி எழுதினேன்: "விதை மூன்று தரம் கழுவப்பட்டது. சாயம் முழுதும் போய்விட்டது."

மறுநாள் காலையில் மச்சான் மணலோடு கலந்த விதையை அள்ளி வீசினார். மணலின் நிறத்தில் விதையின் நிறத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? நாலாம் நாள் முளைத்தது. மச்சான் பாத்தி ஓரத்தில் குந்திக்கொண்டு வளைகுடாவிலிருந்து மகளுக்கு ஃபோனில் எதையாவது காட்டிய மாதிரி மாடுகளுக்கு முளையைக் காட்டினார். முதல் மூன்று வாரமும் நிலம் பச்சைக் கம்பளம் போட்ட மாதிரி இருந்தது. பிறகு வளர்ச்சி நின்றது. நாலு விரல் உயரத்தில் செடிகள் வெளுக்கத் தொடங்கின. மார்ச் 12ஆம் திகதி நாட்குறிப்பில் "எலுமிச்சம்பழ நிறம்" என்று எழுதியிருக்கிறேன். மச்சான் தண்ணீரைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார், மாட்டுச் சிறுநீரைக் கலந்து ஊற்றிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் பேச்சின் சத்தம் நாளுக்கு நாள் குறைந்தது. அவர் மெல்லப் பேசி நான் கேட்டது என் வாழ்நாளில் அந்த ஒரு வாரம்தான்.

மார்ச் 15, செவ்வாய்க்கிழமை மாலை டொக்டர் மிஸ் வந்தார். ஒரு செடியைக் கவனமாகத் தோண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் பிடித்தார். வேர் வெள்ளையாக, சுத்தமாக, நூல் மாதிரி இருந்தது. எனக்கு அது நல்ல வேராகவே தெரிந்தது. அவர் தலையை ஆட்டினார். "இதில் முடிச்சு இருக்கணும். ஒன்றுகூட இல்லையே" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். இந்தச் செடி தனியாக வாழாது. வேரில் ஒரு நல்ல கிருமி குடியிருந்து, காற்றிலிருந்து உரத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். மண்ணுக்கு இந்தச் செடி போடும் உரமும் அதே வழியில்தான் வருகிறது. எங்கள் மண்ணில் அந்தக் கிருமி கிடையாது, இந்தச் செடி இங்கே முன்பு வளர்ந்ததே இல்லை. "அதுக்குத்தான் விதையில பூசி அனுப்பியிருந்தாங்க. அந்த இளஞ்சிவப்புப் பூச்சு, அதுதான் கிருமி. எங்க ஸ்டோர்ல சூட்டில இருந்து செத்துப் போச்சோ தெரியல. பிழை எங்க பக்கத்தில இருக்கலாம்."

"உங்க பிழை இல்ல மிஸ்" என்றார் மச்சான். "இந்த மண் செத்துப்போன மண். எல்லாரும் சொன்னாங்க, நான்தான் கேக்கல." அன்று மாலையே ஏஜன்சிக்காரருக்கு ஃபோன் எடுத்துப் பயண நாளை உறுதி செய்யச் சொன்னார். தங்கச்சி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியில், அந்த பேசினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய்ப் பெப்ரவரி 4ஐத் திறந்து பார்த்தேன். அந்த வரி என் கையெழுத்தில், கீழ்க்கோடு போட்டு அழகாக இருந்தது. டொக்டர் மிஸ் வந்த நாளிலிருந்து மூன்று நாட்களின் பக்கங்களும் இப்போது என் முன்னால் திறந்திருக்கின்றன. செவ்வாய்: "மழை இல்லை. சொல்லவில்லை." புதன்: "மூன்று மில்லிமீற்றர். சொல்லவில்லை." வியாழன்: "பாடசாலையில் வரவுப் பதிவேடு சரிபார்த்தேன். இன்றும் சொல்லவில்லை." நான் கோழை என்பதற்கு இதைவிட ஒழுங்கான ஆதாரம் யாரிடமும் இருக்காது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, நாட்குறிப்போடு நேராக மச்சானிடம் போனேன். அவர் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, மாடு பார்க்க வரப்போகும் தரகரைப் பற்றி ஏதோ சொன்னார். நாட்குறிப்பை விரித்து, பெப்ரவரி 4ஐச் சத்தமாக வாசித்தேன். வானிலையிலிருந்து தொடங்கி, பகல் சாப்பாட்டைக் கடந்து, அந்த வரிவரைக்கும் வாசித்தேன். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

மச்சான் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"எத்தனை தரம்?"

"மூன்று தரம்."

"மூணு தரமா! ஒரு தரத்தோட விட்டிருந்தா கொஞ்சமாவது மிஞ்சியிருக்குமே மச்சான்! அடக்கப்போற மய்யித்தைக் குளிப்பாட்டின மாதிரியில்ல குளிப்பாட்டியிருக்கீங்க!"

"நஞ்சு என்று நினைத்தேன்."

"கபன் துணியும் போத்தினீங்களா?"

"வெள்ளைத் துணியில் வடித்தேன்" என்றேன். கேட்டதற்கு உண்மையைச் சொல்வதுதான் என் பழக்கம்.

அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பு அலுவிகாரைச் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து சரிந்து, வெளுத்துப்போன செடிகள் மேல் மல்லாந்து விழுந்து சிரித்தார். மாடுகள் மூன்றும் தீனியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தன. நான் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். ஏச்சுக்கு ஆயத்தமாகத்தான் வந்திருந்தேன், இப்படிச் சிரிப்பார் என்று நினைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் பார்த்தார். "அப்ப குத்தம் மண்ணில இல்ல!" என்றார். பழைய சத்தம் திரும்பி வந்திருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! குத்தம் உங்கள்லதான் மச்சான்! நீங்க இதை மூணு நாளைக்கு முந்தியே சொல்லியிருந்தா நான் மூணு ராத்திரி நல்லாத் தூங்கியிருப்பேனே!"

அந்த இடத்தில்தான் அந்த மனிதரை நான் சரியாக அறிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன். விதை போனதைவிட, நிலம் செத்துவிட்டது என்பதுதான் அவரை நோகடித்திருக்கிறது. யாரோ ஒரு மனிதன் செய்த பிழை என்றால் அதைத் திருத்திவிடலாம். அந்தப் பிழை மைத்துனன் செய்தது என்பது அவருக்கு மேலதிகச் சந்தோஷமாக இருந்தது. வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரிக்க ஒன்று கிடைத்துவிட்டதே. தங்கச்சி சிரிக்கவில்லை. "நானா, என் புருஷன் கடல் தாண்டிப் போறது உங்க பேசின் தண்ணியாலயா?" என்று கேட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு வழமையாக வரும் கறிக் கோப்பையும் வரவில்லை.

டொக்டர் மிஸ்ஸிடம் போய் நானே சொன்னேன். அவர் சிரிப்பை அடக்க மேசை லாச்சியில் எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டார். பிறகு ஒரு வழி சொன்னார். இதே விதையை முந்திய வருடம் வாங்கிய விவசாயி ஒருவர் பல்லேகமப் பக்கம் இருக்கிறார். அவருடைய செடி நன்றாக நிற்கிறது. அந்த மண்ணில் கிருமி உயிரோடு இருக்கும். அதில் இரண்டு சாக்குக் கொண்டுவந்து, வெயில் படாமல், அந்தி நேரத்தில் பாத்தியில் தூவிக் கிளறித் தண்ணீர் விட வேண்டும். வெயில் பட்டால் கிருமி செத்துவிடும், சாக்கை ஈரமாக மூடியே கொண்டுவர வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். என்னைப் பார்த்து, "ஈரம் என்றால் கழுவுறது இல்லை" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தார்.

அது பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதம். லொறி கிடைக்கவில்லை. மார்ச் 20 ஞாயிற்றுக்கிழமை நானும் மச்சானும் றத்தோட்டை வழியாக மலையேறி இறங்கும் பஸ்ஸில் போனோம். பல்லேகமக்காரர் எங்கள் வயதுக்காரர், சிங்களவர், யானை மிதித்த வேலியைக் கட்டிக்கொண்டிருந்தார். வந்த காரியத்தை மச்சான் சிங்களத்தில் விளக்கினார். என்னுடைய பேசினை விளக்கும்போது மட்டும் கையால் நடித்துக் காட்டினார். அந்த மனிதர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் செடி முழங்கால் உயரம், கரும்பச்சை, நுனியில் ஊதாப் பூ. மண்ணைத் தானே தோண்டி நிரப்பித் தந்தார். எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. "மண் என்னுடையதா, கொண்டுபோங்கள். யாராவது உங்களிடம் கேட்டு வந்தால் இல்லை என்று சொல்லாதீர்கள், அது போதும்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார். "மொகட, என்ன இது, கிழங்கா?"

"மண்" என்றார் மச்சான்.

"மண்ணா? ஏன், மாத்தளையில மண் முடிஞ்சு போச்சா?"

"இரிக்கு. இவர் கழுவிட்டார்."

பஸ் முழுவதும் சிரித்தது. எதற்கென்று தெரியாதவர்களும் சிரித்தார்கள். வெயில் ஜன்னல் வழியாகச் சாக்கின் மேல் விழும்போதெல்லாம் நான் எழும்பி நின்று குடையை விரித்துப் பிடித்தேன். மலைப்பாதையின் வளைவுகளில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் குடையையும் பிடித்துக்கொண்டு, ஐம்பதை நெருங்கும் ஒரு லிகிதர் மண்ணுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு வந்ததை யாராவது படம் எடுத்திருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அன்று அந்தியில் மஃரிபுத் தொழுகைக்கு முன் மண்ணைத் தூவி முடித்தோம். தங்கச்சி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என்னோடு பேசவில்லை, ஆனால் வாளியை என் கையில்தான் தந்தாள்.

ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பு வந்தது. பின்னேர மழையும் வந்தது. டின்னில் அளந்து அளந்து எழுதினேன். பயண நாளை மச்சான் மாற்றவில்லை, தரகரை மட்டும் "பெருநாள் கழியட்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். முதல் இரண்டு வாரமும் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் பாத்தியின் கிழக்கு ஓரத்தில், முதல் சாக்கைக் கொட்டிய இடத்தில், ஒரு பாய் அளவுக்குப் பச்சை திரும்பியது. ஏப்ரல் 16, சனிக்கிழமை, நோன்பு திறக்க அரை மணி நேரம் இருக்கும்போது மச்சான் ஒரு செடியைத் தோண்டினார். வேரில் அரிசி மணி அளவில் முடிச்சுகள் ஒட்டியிருந்தன. தங்கச்சியும் வந்து குனிந்தாள். என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் பிளேடால் ஒன்றை இரண்டாக வெட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. உயிரோடு வேலை செய்யும் முடிச்சு அந்த நிறத்தில்தான் இருக்கும் என்று டொக்டர் மிஸ் முன்னமே சொல்லியிருந்தார். பூச்சின் நிறம் வெறும் சாயம், இது வேறு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், பேசினிலிருந்து நான் ஊற்றிவிட்ட நிறம் மண்ணுக்குள் சுற்றித் திரிந்து திரும்பி வந்து நிற்பதாகவே பட்டது. "இதையும் கழுவிராதீங்க நானா" என்றாள் தங்கச்சி. ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னைக் கேலி செய்தாள். அன்று எங்கள் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி இரண்டு கோப்பை வந்தது.

முதல் வெட்டு மே மாதம் 7ஆம் திகதி, பெருநாள் கழிந்த சனிக்கிழமை நடந்தது. பத்துச் செடியில் ஒன்று பூத்ததும் வெட்ட வேண்டும், அடியில் நாலு விரல் விட வேண்டும் என்பது மச்சானின் சட்டம். வெட்டியதை உடனே மாட்டுக்குப் போட விடவில்லை. பனியோடு தின்றால் வயிறு ஊதிவிடும் என்று அரை நாள் வாடவைத்து, வைக்கோலோடு கலந்துதான் போட்டார். செவலை மாடு முதல் வாய் தின்றுவிட்டு நிமிர்ந்து பார்த்தது. "யல்லா" என்றார் மச்சான், அது திரும்பக் குனிந்தது. திங்கட்கிழமை ஏஜன்சிக்குப் போய்ப் பாஸ்போட்டை வாங்கிவந்து என்னிடம் கொடுத்தார். "உங்க அலுமாரியில வைங்க மச்சான். எங்கிட்ட இருந்தா தொலைஞ்சிரும்" என்றார். அது இன்னும் இரண்டாவது லாச்சியில் இருக்கிறது. காலாவதியான திகதியையும் குறித்து வைத்திருக்கிறேன்.

இன்று காலையில் டிரக்டர் புரட்டிப்போட்ட மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கறுப்பாக, ஈரமாக, பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிர்ந்தது. ஒரு மண்வெட்டி ஆழத்தில் ஒன்பது மண்புழு எண்ணினேன். இதில் இனி மிளகாய் போடப் போகிறோம். அடுத்த பாதியில் புதிதாகக் குதிரைமசால். மச்சானுக்கு நெற்றி ஏறியிருக்கிறது, தாடியில் நரை. சத்தம் மட்டும் குறையவில்லை. இந்த மூன்று வருடத்தில் அவர் அந்தக் கழுவல் கதையை யாருக்கெல்லாம் சொன்னார் என்று எழுதி வைக்காதது ஒன்றுதான் என் நாட்குறிப்பில் உள்ள குறை. மண் கேட்டுப் பேசிய றத்தோட்டைப் பெண்ணுக்கும் ஃபோனிலேயே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. நான் பேச வாங்கியதும், "நீங்கதானா அண்ணே அந்த அண்ணன்?" என்று கேட்டார்.

பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. மழை இல்லை. அந்தப் பெண் ஆறு மணிக்கே வந்துவிட்டார், கையில் ஒரு குடையோடு. தேநீர் குடிக்கக்கூட உட்காரவில்லை. மச்சான் தோண்ட, நான் சாக்கைப் பிடித்துக்கொண்டேன். இரண்டும் நிரம்பியதும் மூன்றாவது லாச்சித் துணியை எடுத்துவந்து, கறையின் நடுவால் இரண்டாகக் கிழித்து, இரண்டு சாக்கின் வாயையும் கட்டினேன். இறுக்கிக் கட்டிவிட்டு, அவிழ்க்க இலேசாக ஒரு நுனியை வெளியே விட்டேன்.